செவியை மறந்த திரை

திரைப்படம் என்றால் கண்ணைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். ‘படம் பார்த்தேன்’ என்கிறோமே அன்றிப் ‘படம் கேட்டேன்’ என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் 1931ஆம் ஆண்டு ‘காளிதாஸ்’ படத்தின் வாயிலாகத் தமிழ்த்திரை வாய் திறந்த நாள் முதல், நம் மக்கள் படங்களைக் கண்ணால் பார்த்த அளவுக்குச் செவியாலும் கேட்டே வந்திருக்கிறார்கள். திருமறையை ஓதுவோர் ஒன்றை அறிவர். கேட்கும் ஆற்றலும் பார்க்கும் ஆற்றலும் சேர்த்துக் கூறப்படும் இடங்களில் பெரும்பாலும் கேட்கும் ஆற்றலே முன்னே நிற்கும். வள்ளுவரும் கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அத்தகைய செவிக்கு இன்றையத் தமிழ்ப் படங்களும், அவற்றை இல்லத்துக்குள் கொண்டுவரும் கருவிகளும் என்ன நீதி செய்கின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

‘மதரஸாவில் ஓதிய ஆசிரியருக்குச் சினிமாவில் என்ன வேலை?’ என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். சினிமா ஆகுமா ஆகாதா என்னும் ஆய்வு வேறு இடத்துக்குரியது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் திரைப்படம் நுழையாத இல்லம் இன்று அரிது. நுழைந்துவிட்ட ஒன்றை நிறுத்துப் பாராமல் இருப்பது பேணுதல் ஆகாது.

கேட்டே அறிந்த காலம்

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தோடு இணைந்திருந்த நாட்களில் ஊருக்கு ஊர் டூரிங் டாக்கீஸ் இருந்தது. கீற்றுக் கொட்டகை, மணல் தரை, கூரைமேல் குழல் ஒலிபெருக்கி என்று வசதி குறைந்த அரங்கம்தான். ஆனால் கொட்டகைக்கு வெளியே களத்துமேட்டில் படுத்திருப்பவனுக்கும் வசனம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்கும். டிக்கெட்டுக்குக் காசில்லாதவன் படத்தைக் காதால் பார்த்தான். திருச்சி வானொலியின் ஒலிச்சித்திரத்தைக் கேட்டே கதை முழுவதையும் சொல்லிவிடும் தாய்மார்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். ‘பராசக்தி’ (1952) வசனத்தை இசைத்தட்டில் கேட்டு மனப்பாடம் செய்தோர் பலர். ‘விதி’ (1984) படத்தின் நீதிமன்ற வசனம் ஒலிநாடாவாகத் தேநீர்க் கடை தோறும் முழங்கியது.

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டிலும், வி.களத்தூரிலும் வளைகுடா சென்று திரும்பியவர்கள் ‘டூ-இன்-ஒன்’ வாங்கி வந்தார்கள். அதில் ஒருவேளை நாகூர் ஈ.எம். ஹனிபா பாடுவார், மறுவேளை திரைவசனம் ஓடும். இலங்கை வானொலியைத் திருப்பினால், நம் சமுதாயத்தில் பிறந்த பி.எச். அப்துல் ஹமீதின் குரல் வரும். ழகரத்தையும் றகரத்தையும் எப்படி உச்சரிப்பது என்பதை அக்குரலிடம் கற்றுக்கொண்ட தமிழர் கடலுக்கு இருபுறமும் உண்டு. தமிழை முஸ்லிம் வாயில் கேட்டு மகிழ்ந்த காலம் அது.

நம் பேச்சு எங்கே?

அந்தப் பேச்சைத் திரை ஏற்றுக்கொண்டதா? இங்கேதான் என் முதற்குறை தொடங்குகிறது. தமிழ்நாட்டு முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தாய்மொழி தமிழே. எங்கள் பகுதியில் தந்தையை ‘அத்தா’ என்று அழைப்போம். தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் என்று மார்க்கத்தின் ஆணிவேரான செய்திகளுக்கே தமிழ்ச் சொல் அமைத்துக்கொண்ட சமுதாயம் இது. உமறுப் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் பெருங்காப்பியமாகப் பாடி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. திரையில் வரும் ‘பாய்’ மட்டும் இன்னும் ‘நம்பள், நிம்பள்’ என்று குழறிக்கொண்டிருக்கிறார். ‘அரே’ என்று தொடங்காமல் அவருக்கு வாக்கியமே வருவதில்லை. உருதைத் தாய்மொழியாகக் கொண்ட நம் சகோதரர்களும் நல்ல தமிழ் பேசுகிறவர்களே. எனவே இந்தக் குழறல் எந்த வீட்டுப் பேச்சும் அன்று. கொட்டகையிலேயே பிறந்து கொட்டகையிலேயே வளர்ந்தது.

விதிவிலக்குகள் உண்டு. ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற ரஹீம் பாத்திரம் தெளிந்த தமிழ் பேசிற்று. அப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் ஹனிபாவின் குரலும் சேர்ந்தொலித்தது. நாடகத்தன்மை மிகுந்த படம்தான். எனினும் ஒரு முஸ்லிமைத் தமிழனாகப் பேசவிட்ட நேர்மை அதற்கு உண்டு.

‘ரோஜா’ (1992) இசையில் ஒரு புது விடியல். ஏ.ஆர். ரஹ்மானின் முதற்படமான அதில் ஒலிகளுக்கு நடுவே காற்றோட்டம் இருந்தது. ஆனால் கொடி எரியும் காட்சியோடு தொழுகைக் காட்சியைப் பின்னிய முறையை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்குப் பின் வந்த படங்கள் பலவற்றில் பாங்கோசை வெடிகுண்டுக்கு முன்னறிவிப்பாகவே ஆகிவிட்டது. நாளும் ஐவேளை நம்மை அமைதிக்கு அழைக்கும் ஓசையை அச்சத்தின் பின்னணி இசையாக்கியது, வசனத்தால் வரும் வசையைவிடக் கொடியது. வசனத்துக்கு மறுமொழி சொல்லலாம். செவியில் படிந்த அச்சத்துக்கு யார் மறுமொழி சொல்வது?

‘துப்பாக்கி’ (2012) வந்தபோது நம் அமைப்புகள் எதிர்த்தன. சில காட்சிகள் நீக்கப்பட்டன. ‘விஸ்வரூபம்’ 2013 ஜனவரியில் தமிழ்நாட்டில் பதினைந்து நாட்களுக்குத் தடுக்கப்பட்டுப் பின்னர்ப் பேச்சுவார்த்தையால் பிப்ரவரியில் வெளிவந்தது. ஆரோ 3டி என்னும் புதிய ஒலிநுட்பத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்த அப்படத்துக்குத் தீர்வாக அமைந்தவற்றுள் ஒன்று, சில இடங்களில் ஒலியை நீக்குவது! எதிர்ப்பில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒலியை நீக்கச் சொன்ன நம் அமைப்புகள், நம் ஒலியைச் சேர்க்கச் சொன்னதுண்டா? ‘எங்கள் வீட்டில் பேசும் தமிழை எழுதத் தெரிந்தவரை வசனத்துக்கு அழையுங்கள்’ என்று கேட்டதுண்டா? தோப்பில் முஹம்மது மீரானும் சல்மாவும் நம் பேச்சு மொழியை நாவலில் வாழவைத்துக் காட்டினார்கள். அந்த வளம் திரையின் வாசலிலேயே நின்றுவிட்டது.

‘மாநாடு’ (2021) ஓரளவு ஆறுதல் தந்தது. கதைத்தலைவன் அப்துல் காலிக் எவ்விதக் குழறலும் இன்றித் தமிழ் பேசுகிறான். நிரபராதி மீது பழி சுமத்தும் சூழ்ச்சியே கதையின் முடிச்சு. ஒரே நாள் மீண்டும் மீண்டும் வரும் கதையமைப்பும் சுவையானது. ஆயினும் அப்துல் காலிக் என்ற பெயரை எடுத்துவிட்டுக் கேட்டால், அவன் எந்த ஊர், எந்த வீடு என்று சொல்ல முடியாது. பழியிலிருந்து விடுவித்தார்கள், பேச்சைத் தரவில்லை.

அண்ணன் படமும் தம்பி படமும்

நம் குரலுக்கு நேர்ந்த கதி இவ்வாறிருக்க, இன்று எல்லாக் குரலுக்கும் ஒரு கேடு சூழ்ந்திருக்கிறது. அதனை விளக்க 2024ஆம் ஆண்டு வந்த இரு படங்கள் போதும். செப்டம்பரில் தம்பி கார்த்தி நடித்த ‘மெய்யழகன்’. நவம்பரில் அண்ணன் சூர்யா நடித்த ‘கங்குவா’.

‘கங்குவா’ வெளியானவுடன் ஊரெல்லாம் எழுந்த குறை, இரைச்சல் தாங்கவில்லை என்பதே. திரையரங்குகள் ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தயாரிப்பாளரே சொல்லவேண்டியதாயிற்று. 2009இல் ஆஸ்கர் விருது பெற்ற ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி, இந்த ஒலிப் போட்டியைக் குறித்துப் பகிரங்கமாக வருந்தினார். தொழில் அறிந்தவர் வருந்துவதற்கும் நாம் காதைப் பொத்துவதற்கும் காரணம் ஒன்றே. ஒவ்வொரு நொடியும் உச்சத்தில் இருந்தால் உச்சம் என்பதே இல்லாமற்போகும்.

ஓதற்கலையைக் கற்றவர்களுக்கு இது புதிய பாடமன்று. தஜ்வீதில் எழுத்தின் பிறப்பிடம் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் நிறுத்தம். இமாம் ஹஃப்ஸ் வழி ஓதலில் நான்கு இடங்களில் மூச்சு விடாமல் சற்றே நிறுத்தும் ‘ஸக்த்’ உண்டு. அந்த இமைப்பொழுது மௌனத்தில் பொருள் தெளிகிறது. பிழையான இடத்தில் நிறுத்தினால் பொருளே மாறிவிடும் என்று எங்கள் உஸ்தாதுகள் கண்டித்துத் திருத்துவார்கள். நிறுத்தமே அறியாத பின்னணி இசைக்கு அந்தக் கண்டிப்பு கிடைக்கவில்லை.

‘மெய்யழகன்’ இதற்கு நேர் எதிர். கொள்ளிடத்துக்கு அக்கரையில், தஞ்சை மண்ணில், இருவர் ஓரிரவு முழுவதும் பேசிக்கொண்டிருப்பதே படம். ஒருவனுக்கு மற்றவனின் பெயர்கூட நினைவில் இல்லை. அந்தக் கூச்சத்தை மறைத்துக்கொண்டு பேசுகிறான். உறவுமுறைச் சொற்களின் இனிமையை இத்துணை அருமையாகக் கேட்கவைத்த படம் அண்மையில் வேறில்லை. குறையும் உண்டு: சில இடங்களில் உருக்கம் அளவு மீறுகிறது, பேச்சு உரையாடலாக இல்லாமல் சொற்பொழிவாக மாறுகிறது. ஆனால் நடந்தது என்ன? நீளம் என்ற முறையீட்டால், வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. இரைச்சலுக்கு இரண்டு புள்ளி குறைப்பு. பேச்சுக்குப் பதினெட்டு நிமிட வெட்டு! பொறுமையாகக் கேட்கும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பெட்டி செய்யும் கேடு

திரையரங்கில் தப்பிய பேச்சையும் இல்லத்தில் கொன்றுவிடுகிறது கருவி. 2006இல் தொடங்கித் தமிழக அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சியை நினைவுகூருங்கள். படம் சிறிது, ஆனால் குரல் கேட்டது. இன்று சுவரில் ஒட்டிய காலண்டர் போல் மெலிந்த பெட்டிகள் வருகின்றன. ஒலிபெருக்கிக்கு அதனுள் இடமில்லை. சிறியதாக ஒன்றைச் செய்து கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்திவிடுகிறார்கள். குரல் நம்மிடம் வருவதற்கு முன் சுவரிடம் போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. திரையரங்குக்காகப் பல தடங்களில் அமைக்கப்படும் ஒலியில், வசனத்துக்கென நடுவே தனித்தடம் உண்டு. வீட்டுப் பெட்டியின் இரண்டே ஒலிபெருக்கிகளில் எல்லாத் தடங்களும் ஒன்றாய்க் கலக்கும்போது, இசையின் அடியில் குரல் புதைகிறது. விளைவு யாவரும் அறிந்ததே. பேச்சு வந்தால் ஒலியைக் கூட்டவேண்டும். சண்டை வந்தால் பதறிக் குறைக்கவேண்டும். உறங்கும் குழந்தைக்கும் காது மந்தமான பாட்டனாருக்கும் நடுவே, ரிமோட்டைப் பிடித்திருப்பவர் படும் பாடு சொல்லி முடியாது.

எங்கள் வீட்டுப் பெட்டியின் இக்குறையை விற்ற கடையில் முறையிட்டேன். ‘சவுண்ட்பார் ஒன்று சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்’ என்றார் விற்பனையாளர். தைத்துக் கொடுத்த சட்டைக்குப் பொத்தான் கேட்டால் தனி விலை சொல்வது போன்றது இது. குரலைத் தெளிவாக்கும் அமைப்பு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலப் பட்டியல்களின் ஐந்தாம் அடுக்கில் ஒளிந்திருக்கிறது. தேடிப்பிடித்து அமைத்தால், அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது.

செவி குறைந்தோர் எழுத்தையாவது படிக்கலாம் என்றால், இணையத் திரைத்தளங்களில் தமிழ்ப் படங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வசன எழுத்து வருகிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்குத் தமிழ்ப் படம் ஆங்கிலத்தில் விளக்கப்படும் விந்தை! செவிப்புலனும் பார்வைப்புலனும் குறைந்தோர் திரையரங்கில் படத்தை அனுபவிக்க வழிசெய்யும் நெறிமுறைகளை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அந்த நெறி இல்லத்துத் திரைக்கும் வரவேண்டும். எழுத்து தமிழில் இருக்கவேண்டும்.

இளைஞரின் செவியோ இன்னும் பெரிய ஆபத்தில் இருக்கிறது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலாயின் 4 மணி நேரமே என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. பத்துப் புள்ளி ஏறினால் காலம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. காதில் கருவியைச் செருகிக்கொண்டு இரவெல்லாம் கைப்பேசியில் படம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இக்கணக்கை யார் சொல்லிக் கொடுப்பது?

வேண்டுவன

இயக்குநர்களிடம் நாம் கேட்கவேண்டியது இரண்டு. எங்களை எங்கள் தமிழில் பேசவிடுங்கள். பேசும்போது இசையைச் சற்று அடக்குங்கள். உற்பத்தியாளர்களிடம் கேட்கவேண்டியது ஒன்று: பெட்டியின் மெலிவை விளம்பரம் செய்வது போல, அதில் மனிதக்குரல் கேட்குமா என்பதையும் சொல்லுங்கள். நிகழ்ச்சியைவிட விளம்பரம் உரத்து ஒலிக்கக்கூடாது என்று அமெரிக்கா 2010லேயே சட்டம் இயற்றியது. ஒலி சட்டத்துக்கு உட்படாத காற்று அன்று.

நம் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்வேன். பெட்டி வாங்கப் போகும்போது, கடைக்காரர் காட்டும் கடலையும் கிளியையும் பார்த்து மயங்காதீர்கள். இருவர் மெல்லப் பேசும் காட்சி ஒன்றைப் போடச்சொல்லி, ஒலியைக் குறைத்துவைத்து, வீட்டில் மூத்தவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்குக் கேட்டால் வாங்குங்கள். படத்தையும் அவ்வாறே சோதியுங்கள்: கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் கேளுங்கள். மனிதர் பேசுவது கேட்டால் அது படம்; வெறும் இடிமுழக்கம் மட்டும் கேட்டால், கண்ணைத் திறக்கவேண்டிய தேவையே இல்லை.

செவி இறைவன் தந்த அமானிதம். அதைத் திறந்து வைப்பதும், தேவையற்றதற்கு மூடிக்கொள்வதும் நம் பொறுப்பு. கேட்கத் தகுந்ததைக் கேட்டு, அதில் சிறந்ததைப் பின்பற்றும் நல்லோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக.