ஈயம் துடைத்த மனிதர்

பாறைக்கு வயது சொல்வது கணக்கு வேலை என்று நினைப்போம். புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சனுக்கு அது பெரும்பாலும் துப்புரவு வேலை.

யுரேனியம் மெல்லச் சிதைந்து ஈயமாகிறது. இரண்டையும் அளந்தால் வயது கிடைத்துவிடும். சிகாகோவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிர்கான் என்ற கனிமத் துணுக்குகளில் ஈயத்தை அளந்தார். இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு கூடுதலாக வந்தது. பாறையின் ஈயமல்ல அது. தூசியில், தண்ணீரில், அமிலத்தில், அவர் தலைமுடியிலேயே இருந்த ஈயம்.

வேறொருவர் ஒரு திருத்த எண்ணைக் கழித்துவிட்டுக் கட்டுரை எழுதியிருப்பார். இவர் தேய்க்க ஆரம்பித்தார். கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வடிகட்டிய காற்றோடு ஓர் ஆய்வகம் கட்டினார். பாத்திரங்களை அமிலத்தில் கழுவினார். அந்த அமிலத்தையும் முதலில் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்தார். இந்தப் பிடிவாதம்தான் எனக்குப் பிடித்தது.

அரிசோனாவில் விழுந்த, பூமி உருவான காலத்திலேயே உருவான கேன்யன் டயாப்லோ விண்கல்லில் யுரேனியம் அநேகமாக இல்லாத ஒரு கனிமம் உண்டு. அதனால் ஆதி ஈயம் அதில் மாறாமல் இருந்தது. அதை வைத்து 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள், ஏழு கோடி முன்பின் இருக்கலாம் என்றார். இன்றும் அந்த எண் பெரிதாக அசையவில்லை.

சரி, அவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு பெட்ரோலில் கலந்ததிலிருந்து. கிரீன்லாந்துப் பனியிலும் அதைக் காட்டி, எண்ணெய்த் தொழிலைப் பகைத்துக்கொண்டார். அவர் இறந்தது 1995 டிசம்பரில். அடுத்த மாதமே அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது முற்றிலும் தடையானது.