எரிமலையின் உச்சியும் ஆனையிறவின் உப்பும்

காது கேட்கும் கருவிக்குப் போடுகிற பொத்தான் பற்றரியின் முதுகில் சின்ன ஒட்டுத்துண்டு ஒன்று இருக்கும். அதை உரித்தால்தான் பற்றரி வேலை செய்யத் தொடங்கும். உரித்த இடத்துத் துளை வழியே காற்று உள்ளே போகிறது. காற்றிலுள்ள ஒட்சிசன், காபன்மேல் பூசியிருக்கும் மங்கனீசு ஒட்சைட்டில் அமர்ந்து இலத்திரன்களை வாங்கிக்கொள்கிறது; மறுபக்கத்தில் நாகம் அவற்றைக் கொடுத்துக் கரைகிறது. கிடைப்பது ஏறத்தாழ 1.4 வோல்ற்று. ஷெல் அதிர்வில் செவி மங்கியவர்கள் வாழும் வன்னியில், சுத்தமான சக்தி பற்றிய உலக ஆராய்ச்சியின் மையத்தில் இருக்கும் ஒரு வினையைச் சிலர் தினமும் காதில் சுமந்து திரிகிறார்கள். அதன் பெயர் ஒட்சிசன் தாழ்த்தல்.

ஐதரசனில் ஓடும் காரின் எரிபொருட்கலத்திலும் இதே வினைதான். ஒரு பக்கம் ஐதரசன், மறுபக்கம் ஒட்சிசன், இடையில் மென்சவ்வு; விளைவது தண்ணீர். கணக்குப்படி ஒரு கலம் 1.23 வோல்ற்றுத் தர வேண்டும். ஓடும்போது கிடைப்பதோ 0.6, 0.7 தான். இழப்பில் பெரும்பங்கு ஒட்சிசன் பக்கத்தில் நடக்கிறது. ஒட்சிசன் மூலக்கூற்றின் இரண்டு அணுக்களும் இறுகப் பிணைந்தவை. அவற்றைப் பிரித்து, நான்கு இலத்திரன்களை ஊட்டித் தண்ணீராக்க வேண்டும். இரண்டு இலத்திரன்களோடு பாதி வழியில் நின்றுபோனால் உருவாவது ஐதரசன் பரவொட்சைட்டு. அது கலத்தையே அரிக்கும். இந்த வேலையை ஓரளவு நன்றாகச் செய்யும் உலோகம் பிளாற்றினம். விலையைச் சொல்லத் தேவையில்லை. அகழ்வில் பெரும்பகுதி தென்னாபிரிக்கா என்ற ஒரே நாட்டில் நடக்கிறது என்பது அதைவிடப் பெரிய தலையிடி.

ஆகவே பிளாற்றினத்தைக் குறைக்கவோ விலக்கவோ வழி தேடும் ஊக்கி வடிவமைப்பு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. அதன் அறிவுப் பெருமை 2004இல் தொடங்குகிறது. ஊக்கியின் மேற்பரப்பு ஒட்சிசனை மிக இறுக்கிப் பிடித்தால் விளைபொருள் விலகாது. தளர்த்திப் பிடித்தால் வினையே தொடங்காது. டென்மார்க்கின் யென்ஸ் நோர்ஸ்கோவ் குழு இந்தப் பிடியின் வலுவைக் கணினியில் கணித்து, உலோகங்களை ஒரே வரைபடத்தில் வைத்தது. கிடைத்த உருவம் ஓர் எரிமலை. உச்சிக்குச் சற்றுக் கீழே பிளாற்றினம், சரிவில் வெள்ளி, மறுசரிவின் அடியில் நிக்கலும் இரும்பும். பிளாற்றினத்தின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் உச்சியை எட்டலாம் என்றது வரைபடம். 2007இல் ஸ்ராமென்கோவிச், மார்க்கோவிச் குழு பிளாற்றினமும் நிக்கலும் கலந்த ஒற்றைப் பளிங்கின் ஒரு முகத்தில் அதைச் செய்தும் காட்டியது. செயற்றிறன் தூய பிளாற்றினத்தின் அதே முகத்தைப் போல் பத்து மடங்கு. ஆய்வுகூடத்தில் கலந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் பழைய வழக்கத்தை, முன்கூட்டிச் சொல்லிச் செய்யும் அறிவியலாக்கிய சாதனை இது. அதைக் குறைத்துச் சொல்பவர் வரைபடத்தைப் படிக்காதவர்.

அதே வரைபடம் ஓர் எல்லையையும் காட்டியது. வினையின் இடைநிலைகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்றின் பிடியைத் தளர்த்தினால் மற்றதும் கூடவே தளரும். எந்த உலோகத்தைப் போட்டாலும் ஏறத்தாழ 0.3 வோல்ற்றுச் சுங்கம் கட்டித்தான் ஆக வேண்டும்.

இந்த எல்லைக்குள் நடக்கும் தேடலிலும் சிக்கல் உண்டு; அது அளவிடும் முறையில் தொடங்குகிறது. புதிய ஊக்கியை மைக்கிரோகிராம் கணக்கில் ஒரு சிறு தட்டில் பூசி, அமிலத்தில் அமிழ்த்திச் சுழற்றி, 0.9 வோல்ற்றில் எவ்வளவு மின் வருகிறது என்று பார்ப்பது துறையின் வழக்கம். மலிவானது, விரைவானது, எந்த நாட்டிலும் செய்யலாம். ஆனால் உண்மையான கலத்தில் ஊக்கி தடித்த படையாக இருக்கும். அதனுள் ஒட்சிசன் புக வேண்டும், உருவாகும் தண்ணீர் வெளியேற வேண்டும், ஆயிரக்கணக்கான மணித்தியாலம் தாங்க வேண்டும். 2016இல் முரடான விளிம்புகள் கொண்ட பிளாற்றின நுண்கம்பிகள் ஒரு மில்லிகிராமுக்கு 13.6 அம்பியர் தந்து சாதனை படைத்தன. தெருவில் ஓடுவதோ 2014இல் வந்த ரொயோட்டா மிராயின் பிளாற்றினம்-கோபாற்றுக் கலவை. கலவைகளின் நுட்பமான வடிவங்களில் நிக்கல் அமிலத்தில் கரைந்து போகிறது, கூர்முனைகள் மழுங்குகின்றன. சுழல்தட்டில் ஓட்டப்பந்தயம் வென்றவர் மரதனில் பாதி வழியில் விழுகிறார்.

இன்னொரு மோகமும் உண்டு. கிடைக்கிற கழிவை எரித்துக் காபனாக்கி, நைதரசன் சேர்த்து, 'பிளாற்றினத்துக்கு நிகர்' என்று அறிவிப்பது. பனங்கொட்டை ஓடு, சிரட்டை, உமி எல்லாம் வன்னியில் குறைவில்லை. இங்கும் அந்த ஆசை எழுவது இயல்பே. மூலப்பொருள் மலிவு, கருவிகள் எளியவை, மாணவர் கைபழக ஏற்ற வேலை. ஆனால் 2020இல் பிராக் நகரில் மார்ட்டின் புமேரா குழு, மெல்லிய காபன் தாளான கிராபீனில் பறவை எச்சத்தைச் சேர்த்துப் பார்த்தது. எச்சம் சேர்த்த கிராபீன், சேர்க்காததைவிட நன்றாக வேலை செய்தது! எந்தக் குப்பையைப் போட்டாலும் இப்படித்தான் வருமா என்று கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டார்கள். அதற்கு முன்பே, 'உலோகமற்றது' எனப்பட்ட சில காபன் ஊக்கிகளில் வேலை செய்தது சுவடளவான உலோக அழுக்கு என்று அவர்கள் காட்டியிருந்தார்கள். செம்மண்ணில் விளைந்த ஒன்றை எரித்து அளப்பவர், அதில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

இரும்பைத் தெரிந்தே சேர்க்கும் வழி கௌரவமானது. 1964இல் கோபாற்று தாலோசயனீன் என்ற சேர்மத்தில் ஜசின்ஸ்கி என்ற ஆய்வாளர் தொடங்கியது, இன்று இரும்பு-நைதரசன்-காபன் ஊக்கிகளாக வளர்ந்திருக்கிறது. 2017இல் கனடாவின் பலார்ட் நிறுவனம், ஜப்பானின் நிஷின்போவோடு சேர்ந்து, ஒட்சிசன் பக்கத்தில் விலையுயர்ந்த உலோகம் இல்லாத எரிபொருட்கலம் ஒன்றை அறிவித்தது. அதன் வலு 30 வாற்று. அமிலத்தில் இரும்பும் பரவொட்சைட்டும் சந்தித்தால் மென்சவ்வு சேதப்படும். அதனால்தான் கார் இன்னும் தூரத்தில் நிற்கிறது.

அமிலத்தை விட்டுக் காரத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே எரிமலைச் சரிவில் கிடந்த வெள்ளிகூடப் பிளாற்றினத்தின் அருகே வருகிறது. இந்த இடத்தில் வன்னியிலுள்ள பரந்தன் நினைவுக்கு வர வேண்டும். 1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் எடுத்தது. 1980களின் நடுவில் போர் அதை நிறுத்தியது. அத்தகைய ஆலையின் கதோட்டில் வழக்கமாக ஐதரசன் வெளிவரும். அங்கே ஒட்சிசனை ஊட்டித் தாழ்த்தினால் தேவைப்படும் மின்னழுத்தம் கணக்கில் 1.23 வோல்ற்றுக் குறையும். நடைமுறையில் மிச்சமாவது ஏறத்தாழ 1 வோல்ற்று. மீதி அந்தப் பழைய சுங்கம்தான். ஜேர்மனியின் கோவெஸ்ரோ நிறுவனம், வெள்ளி ஊக்கி கொண்ட இந்தக் கதோட்டில் ஸ்பெயினின் தரகோனாவில் 2023இல் பெரிய ஆலையைத் தொடங்கியது. மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்குவரை மிச்சம் என்கிறது.

பரந்தனுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. தூய ஒட்சிசன் வேண்டும், அதைப் பிரித்தெடுக்கவும் மின் வேண்டும். ஐதரசன் கிடைக்காது, பரந்தன் குளோரீனோடு ஐதரசனைச் சேர்த்து ஐதரோகுளோரிக் அமிலமும் செய்த இடம். மின் அடிக்கடி நின்றால் வெள்ளிப்படை கெடும். இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் அளந்து பார்க்கக்கூடிய பொறியியல் கேள்வி. பரந்தனிலிருந்து அதிக தூரமில்லாத அறிவியல் நகரில் 2014 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் குளோரீன் ஆலைகளுக்கான தைத்தானிய அனோட்டை வடிவமைத்துத் தொழிலுக்குக் கொடுத்தது. அங்கே ஆலை முதலில் வந்தது, ஊக்கி பின்னால் வந்தது. அந்த வரிசைதான் வன்னிக்குப் பொருந்தும். உச்சியைத் தேடும் இன்னொரு சுழல்தட்டுக் கட்டுரையைவிட, ஆனையிறவு உப்புநீரின் கல்சியமும் மக்னீசியமும் கலத்தையும் வெள்ளிக் கதோட்டையும் எத்தனை மாதத்தில் கெடுக்கும் என்று சொல்லும் ஓர் அறிக்கை இங்கு பயன்படும்.

ஆலையை மீண்டும் தொடங்கும் பேச்சு அரசாங்கங்கள் மாறியும் ஓயவில்லை. பரந்தன் கெமிக்கல்ஸ் என்ற கம்பனி இன்றும் இருக்கிறது. அது குளோரீனை இறக்குமதி செய்து, குடிநீர் சுத்திகரிக்க நீர் வழங்கல் சபைக்கு விற்கிறது.