பாட்டைக் கேட்டுப் புறப்பட்டவர்கள்

தமிழ்ப் பேசும்படம் கண் திறந்த சில ஆண்டுகளிலேயே கையில் எடுத்த பெரிய கதை, ஓர் ஊருக்குப் போகமுடியாத ஒருவரின் கதை. தில்லைக்கு நாளை போகலாம், நாளை போகலாம் என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்ற நந்தனார். 1935இல் வந்த ‘பக்த நந்தனா’ரில் கே.பி. சுந்தராம்பாள் ஆண்வேடம் கட்டினார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்ச ரூபாய் என்பதே அன்று ஊர்ப்பேச்சு. 1942இல் ஜெமினி எடுத்த ‘நந்தனா’ரில் தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார். இரண்டுக்கும் நடுவில், 1939 ஜூலையில்தான் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. சாதி மறித்த ஒரு பயணத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டு உருகியவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்க் கோயிலில் நந்தன்மார்களை உள்ளே விட்டார்கள் என்பது வேறு கணக்கு. ஆனால் பாட்டும் பயணமும் தமிழ்ப் படத்தில் சேர்ந்தே பிறந்தவை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பாட்டுப்படம் என்று எதைச் சொல்வது? எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) போல விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தள்ளிவிட்டால், தமிழில் எல்லாமே பாட்டுள்ள படங்கள்தான். ஆகவே ஓர் அளவுகோல் வேண்டும். காஞ்சிபுரத்தில் வெளிவரும் இந்த மலருக்கு அந்த அளவுகோலைத் தறியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கோர்வைச் சேலை நெய்கிறவர் தனியாக உட்கார்வதில்லை. பக்கத்தில் ஓர் உதவியாள் உண்டு. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு. ஒவ்வோர் ஊடைக்கும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கொக்கிபோட்டுத் திரும்புகின்றன. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர் சொல்வது இதை வைத்துத்தான். பாட்டும் கதையும் அப்படிக் கோர்த்திருந்தால் அது பாட்டுப்படம். தனியாக நெய்து ஓரத்தில் தைத்த கரை என்றால், பாட்டு எவ்வளவு இனித்தாலும் இந்தக் கட்டுரையில் அதற்கு இடம் கொஞ்சம்தான்.

இன்னோர் அளவுகோல் ஊர். படம் பார்த்தவர் பையைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்கே போய் நின்றால், பாட்டு அங்கே நிற்கிறதா?

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், முதலில் வருவது பாகவதர் பாணி. 1931இல் ‘காளிதாஸ்’, 1934இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான ‘பவளக்கொடி’, அதில் ஐம்பதை ஒட்டிய பாட்டுகள். நாடக மேடையை அப்படியே தூக்கிவந்து கேமராவின் முன் வைத்த காலம் அது. அன்றைய பயணம் தலைகீழானது. படத்தைப் பார்த்து ஊருக்குப் போவதற்குப் பதில், ஊரே வண்டி கட்டிக்கொண்டு படத்துக்குப் போனது. 1937இன் ‘சிந்தாமணி’ மதுரையில் ஓடிய ஓட்டத்தில் வந்த லாபத்தைக் கொண்டு அங்கே ‘சிந்தாமணி’ என்ற பெயரிலேயே ஒரு தியேட்டர் எழுந்தது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் வந்த சில வாரங்களிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதாகிவிட்டார். நாயகர் சிறையில், குரல் கொட்டகையில். பாகவதர் படங்களுக்குப் பாபநாசம் சிவன் எழுதிய பாட்டுகள் கச்சேரி மேடையிலும் நிற்கக்கூடியவை. முதல் அளவுகோலில் பாகவதர் படங்கள் பாதிதான் தேறும் என்பது என் கருத்து. பல இடங்களில் கதைதான் பாட்டுக்காகக் காத்து நிற்கிறது.

இரண்டாவது அளவுகோலிலும் தேறிய படம் ‘மீரா’ (1945). எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், தமிழ் பேசத் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கியவர், எம்.எஸ். சுப்புலட்சுமியை ராஜஸ்தானத்துக்கும் பிருந்தாவனத்துக்கும் துவாரகைக்கும் அழைத்துப்போய்ப் படம் பிடித்தார். கல்கியின் பாட்டுகள், எஸ்.வி. வெங்கடராமனின் இசை. வடக்கே யாத்திரை போன தமிழ்க் குடும்பங்கள் துவாரகையில் இறங்கியதும் முணுமுணுப்பது எந்தப் பாட்டு என்று சொல்லவே வேண்டாம். மீராவின் பஜனைகள் கோயிலுக்கே உரியவை. அவற்றின் தமிழ்ப் பிள்ளைகளை அந்த மண்ணிலேயே பாடவைத்தது டங்கனின் கெட்டிக்காரத்தனம்.

நான் அதிகம் தங்க விரும்புவது கச்சேரிப் பாணியில். இதில் வாத்தியமே பாத்திரம். ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் ஆபேரியில் ஏறி இறங்கியதைக் கேட்ட பிறகுதான், நாகசுரம் என்றால் கல்யாண வீட்டுச் சத்தம் என்று நினைத்திருந்த பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காருகுறிச்சியார் 1964இல் மறைந்தார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கவேண்டிய இடம்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை, ஏ.பி. நாகராஜன் இயக்கம், கே.வி. மகாதேவன் இசை, சிவாஜியின் கையில் இருந்த நாகசுரத்துக்கு மூச்சு கொடுத்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்தப் படத்தில் பாட்டுக்கும் கதைக்கும் தையலே தெரியாத ஓர் இடம் உண்டு. காயம்பட்ட கை ஆறாத நிலையில் நாகசுரக்காரன் சண்முகசுந்தரம் சபையில் வாசிக்கிறான். நாட்டியக்காரி மோகனா எதிரே ஆடுகிறாள். நேரே கேட்கமுடியாத நலத்தைப் பாட்டாக்கிக் கேட்கிறாள். சபைக்கு அது அபிநயம். அவனுக்கு மட்டும் அது கேள்வி. அவன் வாயில் சீவாளி இருக்கிறது. பதில் சொல்ல வாய் இல்லை, வாத்தியம்தான் இருக்கிறது. கண்ணதாசன் வரியை எழுதினார், பி. சுசீலா பாடினார், ஆனால் அந்தக் காட்சியை முடித்துவைப்பது நாகசுரத்தின் ஒரு சிறு இழைப்பு. வசனமாக எழுதியிருந்தால் அரைப் பக்கம் கூடத் தாங்காது.

இதே படம் ஒரு பயணப் படமும்கூட. இரண்டு கோஷ்டிகளும் ஒரே ரயிலில் ஏற, பாலையாவின் நமட்டுச் சிரிப்புக்கு நடுவே கண்கள் பேசிக்கொள்ளும் அந்தப் பெட்டியை மறந்தவர் யார்? படத்தைப் பார்த்துவிட்டுத் திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் போகிறவர்களுக்கு நான் சொல்வது, கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் இறங்குங்கள். அங்கே நாகசுரம் செய்கிறார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் ஆகியவற்றின் ஆச்சா மரம்தான் வேண்டும், பச்சை மரம் உதவாது. பல ஆண்டுகள் வீட்டைத் தாங்கி ஈரம் முழுக்க வடிந்த கட்டையைக் கடைந்து, துளையிட்டு, சுருதி பார்த்து வைக்கிறார்கள். 2022இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஊர்சுற்றிப் பாணியை விரைவாகவே கடந்துவிடலாம். ஸ்ரீதர் ‘தேன் நிலவு’க்காக (1961) காஷ்மீர் போனார், அதுவும் கறுப்பு வெள்ளையில்! தால் ஏரியின் நிறத்தை ஏ.எம். ராஜாவின் மெட்டுகளை வைத்துத்தான் ரசிகர்கள் ஊகிக்கவேண்டியிருந்தது. ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நிறம் வந்தது, ஆழியாறு வந்தது, அணையின் விருந்தினர் மாளிகை முன் வேலை கேட்டுப் போடும் ஆட்டம் இன்றைக்கும் அங்கே போகும் பஸ் கூட்டத்தின் வாயில் இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1970இன் ஒசாகா கண்காட்சியைப் படமாக்கி ‘உலகம் சுற்றும் வாலிப’னில் (1973) கொடுத்தார். பாஸ்போர்ட் என்ற சொல்லைக்கூடக் கேள்விப்படாத லட்சக்கணக்கானவர்கள் தரை டிக்கெட்டில் ஜப்பானும் தாய்லாந்தும் போய்வந்தார்கள். பாட்டுகள் அத்தனையும் பிரமாதம். ஆனால் பாதிப் பாட்டுகளை ஊட்டியில் எடுத்திருந்தாலும் கதைக்கு நஷ்டமில்லை. தைத்த கரை.

பின்னால் வந்தவற்றில் இரண்டு இடங்கள். ‘பம்பாய்’ (1995) பாட்டுக்காகப் பேக்கல் கோட்டைக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பாட்டு வரும் கட்டத்தில் கதை நடப்பது தமிழ்நாட்டுக் கிராமத்தில், கோட்டை இருப்பது கேரளத்தின் காசர்கோடு கடற்கரையில். இருந்தாலும் மழையும் அலையும் காத்திருப்பும் அந்தக் கல்லில் ஒட்டிக்கொண்டன. மற்றொன்று கொடைக்கானல். ஆங்கிலேயர் ‘பேயின் சமையலறை’ என்று பெயர் வைத்த பாறைப் பிளவுக்கு, 1991இல் வந்த கமல்ஹாசனின் படத்துக்குப் பிறகு ‘குணா குகை’ என்றே பெயராகிவிட்டது. கடிதம் எழுதச் சொல்லும் அந்தப் பாட்டின் இருட்டை நேரில் பார்க்கப் போய் அங்கே உயிரிழந்தவர்கள் உண்டு. 2006இல் பள்ளத்தில் விழுந்த நண்பனைக் கேரள இளைஞர்கள் மீட்ட நிகழ்ச்சி 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்று மலையாளத்தில் படமானபோது, இளையராஜாவின் பழைய பாட்டு மறுபடி ஒலித்தது, கூட்டம் மறுபடி மலையேறியது. பாட்டைப் பின்பற்றிப் போகிறவர் கம்பி வேலியையும் மதிக்கவேண்டும்.

உலகத்தில் இதற்குப் பெரிய உதாரணம் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். 1965இல் வந்த ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தின் படிக்கட்டுகளையும் தோட்டங்களையும் காட்டுவதற்கென்றே அங்கே பஸ்கள் ஓடுகின்றன. உள்ளூர்க்காரர்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு ஊரின் பெருமை மோட்சார்ட். படத்தின் கடைசியில் குடும்பம் மலையேறி ஸ்விட்சர்லாந்துக்குத் தப்புகிறது. சால்ஸ்பர்க்கில் அந்த மலையைத் தாண்டினால் வருவது ஜெர்மனி! உண்மையான குடும்பம் ரயிலேறி இத்தாலிக்குப் போனது. தமிழில் அந்தப் படத்தின் சாயலில் ‘சாந்தி நிலையம்’ (1969) வந்தது, அதில் மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

சரி, காஞ்சி? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன்.

பாட்டுப்படத்துக்குக் காஞ்சி கொடுத்தது அதிகம். ஆனால் காஞ்சி ஊராக அதில் வந்தது குறைவு. 1889இல் பிறந்த காஞ்சிபுரம் நாயனா பிள்ளை, மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்களை வரிசையாக உட்காரவைத்து ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி செய்தவர். அவரைக் கேட்டு வளர்ந்த சிறுமி, பக்கத்துத் தாமலில் 1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாள். ‘தியாகபூமி’யில் (1939) அவர் பின்னணியாகப் பாடினார். ஏவி.எம்.மின் ‘நாம் இருவ’ரில் (1947) பாரதி பாட்டுகளுக்கு அவர் குரல்கொடுக்கக் குமாரி கமலா ஆடினார். காதல் பாட்டுகளுக்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தேசபக்தியும் தெய்வபக்தியும் போதும் என்று நின்றுவிட்டார்.

அதே மண்ணின் இன்னொரு பிள்ளைதான் பாட்டுப்படத்தின் கழுத்தைக் கொஞ்சம் நெரித்தவரும். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’ (1949) வந்ததும், கொட்டகையில் கைதட்டல் பாட்டிலிருந்து வசனத்துக்கு மாறியது. அதில் எனக்கு வருத்தமில்லை. பாட்டு குறைந்த பிறகுதான் ஒவ்வொரு பாட்டுக்கும் காரணம் கேட்கும் பழக்கம் வந்தது. ‘காஞ்சித் தலைவன்’ (1963) வந்தபோது, எம்.ஜி.ஆர். நரசிம்ம பல்லவனாக வந்தாலும் ரசிகனின் காதில் தலைப்பு அண்ணாவையே சொன்னது. அரண்மனையும் அரங்கமும் ஸ்டூடியோவில் எழுந்தவை. பல்லவன் நினைப்பைக் கதைக்குள் கொண்டுவந்த ‘கலங்கரை விளக்கம்’ (1965) மாமல்லபுரத்துக்குப் போய்விட்டது. அங்கே கடல் இருக்கிறதே! ‘திருவருட்செல்வ’ரில் (1967) அப்பராக வந்த சிவாஜி, வேடத்துக்கும் உட்காரும் விதத்துக்கும் காஞ்சிப் பெரியவரை மனத்தில் வைத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். ஊர் வரவில்லை, ஊரின் துறவி வந்தார்.

ஊருக்குப் பதிலாகத் திரையில் ஓயாமல் வந்தது சேலை. ‘பாலும் பழமும்’ (1961) படத்தைப் பார்த்திராத பெண்கள்கூட இன்றைக்கும் காந்தி ரோடு கடைகளில் ‘பாலும் பழமும் கட்டம்’ இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சரோஜாதேவி உடுத்திய கட்டம் படத்தைத் தாண்டி நிற்கிறது. மீராவாகப் பாடியவரின் பெயரில் ஒரு நீலமே உண்டு. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்துகொடுத்த ‘எம்.எஸ். புளூ’ அது. 1978இல் ‘வயசுப் பொண்ணு’ படத்துக்காக ஜேசுதாஸ் பாடிய பாட்டு, காஞ்சிப் பட்டை ஒவ்வொரு கல்யாண மண்டப ஒலிபெருக்கியிலும் ஏற்றிவிட்டது.

விளைவை நாள்தோறும் பார்க்கிறோம். கார் வருகிறது, கடை வாசலில் நிற்கிறது, நிச்சயதார்த்தச் சேலை எடுக்கிறார்கள், போகிற வழியில் காமாட்சிக்கு ஒரு கும்பிடு, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சென்னை. வியாபாரத்துக்கு நல்லதுதான். ஆனால் பாட்டைக் கேட்டு வருகிறவருக்கு இந்த ஊரில் காட்ட இன்னும் நிறைய இருக்கிறது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மேற்கே நடந்தால் கைலாசநாதர் கோயில். ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லில் கட்டியது. சுற்றிலும் ஐம்பத்தெட்டுச் சிறு சன்னதிகள், சுவரெங்கும் ஆடும் சிவன். ஏகாம்பரநாதர் மேல் முத்துசுவாமி தீட்சிதர் பைரவியில் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார். பஞ்சபூதத் தலங்களுக்கு அவர் பாடியவற்றில் பிருதிவிக்கு உரியது. தீட்சிதர் சில ஆண்டுகள் தங்கிய ஊர் இது. தியாகராஜர் வந்து வரதரையும் காமாட்சியையும் பாடிய ஊர்.

ப்ரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ (2008) நெசவாளியின் வயிற்றெரிச்சலைச் சொல்லித் தேசிய விருது பெற்றது. மகளின் கல்யாணச் சேலைக்காக வாயில் பட்டுநூலை ஒளித்து எடுத்துவரும் அந்த வேங்கடம் மனத்தைவிட்டுப் போகமாட்டான். நல்ல படம், ஆனால் பாட்டுப்படம் அல்ல. காஞ்சிக்கான பாட்டுப்படத்தை இனிமேல்தான் யாராவது எடுக்கவேண்டும். கதைக்கு அலையவேண்டாம். நாயனா பிள்ளையின் கச்சேரிக்குத் தாமலிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட ஒரு பெண்குழந்தை இருக்கிறாள். அவள் பெரியவளாகி, பெண்கள் தொடத் தயங்கிய ராகம் தானம் பல்லவியை மேடையில் பாடி, பல்லவி பட்டம்மாள் என்றே பெயர் வாங்கினாள். செட்டும் வேண்டாம், தாமல், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, ஏரிக்கரையோடு அங்கேயேதான் இருக்கிறது.