கத்திரி வெயிலில் பிரெட் மேக்கர்

சித்திரை மதியத்தில் எங்கள் விருதுநகர் அடுப்படி 36 டிகிரிக்குக் குறைவதே இல்லை. நான் வாரக்கணக்காகப் புழங்கிவரும் பிரெட் மேக்கரின் கையேடோ, அறை 20, 25 டிகிரியில் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. பிரெட் பொங்குவதும் அமுங்குவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வாட், எடை, எத்தனை புரோகிராம் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

பிசையும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூடியின் கண்ணாடி வழியே பார்த்தால், பிசுபிசுவென்று சிதறிக்கிடந்த மைதா பத்தே நிமிடத்தில் உருண்டு திரண்டு, பாத்திரத்தின் பக்கவாட்டில் தொப் தொப்பென்று அடிபட்டு மினுங்குகிறது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1980-களில் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனத்தில் (இன்றைய பானாசோனிக்) இந்த இயந்திரத்தை உருவாக்கியபோது மாவு சரியாகப் பிசைபடவில்லை. இகுகோ தனகா என்ற பெண், ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை பிரெட் மாஸ்டரிடம் போய், மாவை அவர் இழுத்து முறுக்கும் விதத்தைக் கற்று வந்தார். அதை வைத்துப் பாத்திரத்தின் உள்சுவரில் புடைத்த வரிகளை அமைத்தார்கள். 1987-ல் இயந்திரம் சந்தைக்கு வந்தது.

மாஸ்டரின் முறுக்கு வந்துவிட்டது. மாவைத் தொட்டதுமே ‘இன்னிக்குச் சூடு ஜாஸ்தி, சீக்கிரம் அடுப்பில் ஏத்து’ என்று முடிவெடுக்கும் விரல் வரவில்லை. என் இயந்திரத்துக்குத் தெரிந்தது கடிகாரம் மட்டும். ஏற்கெனவே கொதிக்கும் வீட்டில், தொடங்கியதும் பாத்திரத்தை மேலும் வெதுவெதுப்பாக்குகிறது. மாவு பொங்கி முடிந்த பிறகும் புரோகிராம் முடியும்வரை காத்திருக்கிறது. விளைவு, நடு உச்சி குழிந்து புளித்த வாடையடிக்கும் பிரெட். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து 1920-களில் எங்கள் பக்கத்துச் சிவகாசியில் ஊன்றிய தீப்பெட்டித் தொழிலுக்கு இந்தக் காய்ந்த வெயில் தோதாக இருந்தது. தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் வரமான அதே வெயில்தான் ஈஸ்ட்டைத் தலைதெறிக்க ஓடவிடுகிறது.

தீர்வு பேக்கரிக்காரர்களின் பழைய கணக்கில் இருக்கிறது. பிசைந்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும். அதை மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறைச் சூடு 36, மைதாவின் சூடு 36, பிசைவதால் ஏறும் சூடு சுமார் 10 ஆகியவற்றைக் கழித்தால் தண்ணீரின் சூடு வரும். விடை மைனஸ் 4! ஆக, ஐஸ் போடாமல் கதைக்காகாது. 300 கிராம் மைதாவுக்கு 190 கிராம் தண்ணீர் என்றால், அதில் ஒரு பகுதியை நொறுக்கிய ஐஸாகவே போடுகிறேன். மைதாவை முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது இன்னும் உத்தமம். கையேடு ஒரு டீஸ்பூன் ஈஸ்ட் சொன்னால் அரை டீஸ்பூன் போதும். உப்பைக் குறைக்கவே கூடாது, ஈஸ்ட்டுக்குக் கடிவாளம் அதுதான். இரவில் எல்லாவற்றையும் போட்டு, விடிகாலையில் பிரெட் எடுக்கும் டைமர் வசதியை வெயில் காலத்தில் மறந்துவிடலாம். ஐஸ் உருகி, தண்ணீர் அறைச் சூட்டுக்கு வந்துவிடும்.

பிரெட்டின் அடியில், மாவு பிசையும் துடுப்பு விட்டுப்போகும் பள்ளம் இன்னொரு எரிச்சல். கடைசிப் பிசைதல் முடிந்ததும் அதை உருவிவிட்டால் பள்ளம் சிறுத்துவிடும். ஆனால் எப்போது உருவுவது என்று சொல்ல ஒரு ‘பீப்’ கூட இல்லை. இவ்வளவு விலை கொடுத்தவருக்கு அந்த ஒலியாவது தர வேண்டாமா?

வெந்த பிரெட்டை வைத்துக்கொள்வது தனிப்பாடு. கடை பிரெட்டின் உறையில் 282 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது கால்சியம் புரொபியோனேட். பூஞ்சையையும் ‘ரோப்’ என்ற கெடுதலையும் தடுப்பது அதுதான். நம் பிரெட்டில் அது கிடையாது. ரோப்பை உண்டாக்கும், மாவிலிருக்கும் பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகள் சுடும் வெப்பத்திலும் சாவதில்லை, வெக்கையில் உயிர்த்தெழும். பிரெட்டைப் பிய்த்தால் உள்ளே நூல் நூலாக இழுபட்டு, கனிந்து அழுகிய முலாம்பழ வாடை வந்தால் யோசிக்காமல் தூக்கிப்போடுங்கள். மாவில் ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்த்தால் இதைப் பெரிதும் தடுக்கலாம்.

அதற்குப் பயந்து ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தால் ஒரே நாளில் வறண்டுவிடும். 4 டிகிரியை ஒட்டித்தான் மாவுச்சத்து வெகுவேகமாக இறுகுகிறது. முழுக்க ஆறவிட்டு (இரண்டு மணி நேரமாவது ஆகும்), துண்டு போட்டு, காற்றுப் புகாத பையில் ஃபிரீசரில் வையுங்கள். வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போட்டால் மொறுமொறுப்பும் மணமும் அப்படியே திரும்பும்.

வாங்கலாமா? மே மாதத்திலும் பிரெட் சுடுவேன் என்பவர்கள், அறைச் சூட்டை அளந்து அதற்கேற்ப நேரத்தை மாற்றும் சென்சார் உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். காசு கூடத்தான் ஆகும். நம் ஊருக்கு அந்தச் செலவு நியாயமானது.