வாட்டும் ஓமும் மட்டும் போதுமா?

வீட்டிலேயே ஆடியோ அமைப்போர் ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இரண்டு பொருத்தம் பார்க்கிறார்கள்: ஓம் ஒத்திருக்க வேண்டும், வாட் சமமாக இருக்க வேண்டும். முதல் விதி வால்வு காலத்துச் சொத்து. வால்வு ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மரில் 4, 8, 16 ஓமுக்குத் தனித்தனி முனைகள் இருந்தன. உரிய முனையில் இணைத்தால்தான் முழுத் திறன் கிடைக்கும். டிரான்சிஸ்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது தாங்கும் அளவுக்குக் கீழே ஓம் இறங்காமல் இருந்தால் போதும். 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை இணையாகக் கோத்தால் 4 ஓம் ஆகும். 4 ஓம் இரண்டு என்றால் 2 ஓம், பல ஆம்ப்ளிஃபையர்கள் அங்கே சூடேறி அணைந்துவிடும். இந்த ஆபத்தைத் தடுப்பதால் ஓம் விதிக்கு இன்றும் மதிப்புண்டு.

வாட் விதிதான் ஏமாற்றுகிறது. '50 வாட்' என்று விற்கப்படும் சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் பலகை 24 வோல்ட்டில், 4 ஓமில் அந்த அளவைத் தரும். அதையே 12 வோல்ட் அடாப்டரில், 8 ஓம் ஸ்பீக்கருடன் இணைத்தால் கிடைப்பது ஏறக்குறைய 9 வாட். ஆயர் ஈத்தாம் போன்ற ஜொகூர்ச் சிறுநகரின் தாமான் வரிசை வீட்டுக்கு அதுவே தாராளம். 89 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர், அதாவது ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 89 டெசிபல் தருவது, 9 வாட்டில் அதே தொலைவில் 98 டெசிபலைத் தாண்டும். பக்கத்து வீட்டார் அதற்கு முன்பே சுவரைத் தட்டியிருப்பார்கள். பெட்டியில் சிறிய எழுத்தில் அச்சாகும் இந்த உணர்திறன்தான் முதலில் பார்க்க வேண்டியது. 85 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டில் தரும் சத்தத்தை 91 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும்.

சமவாட் விதியை நம்பியவர் குமிழை முழுக்கத் திருகும்போது வேறொரு சேதம் நேர்கிறது. ஆம்ப்ளிஃபையர் எல்லையை மீறினால் அலையின் உச்சி தட்டையாகி உயர் அதிர்வெண்கள் பெருகும், அடி அவற்றை ஒலிக்கும் ட்வீட்டருக்கு. சற்றுக் கூடுதல் வாட் உள்ள ஆம்ப்ளிஃபையரை அடக்கி வாசிப்பது இதைவிடப் பாதுகாப்பானது.

இரண்டு விதிகளும் தொடாத பகுதி மரப்பெட்டி. 1961இல் நெவில் தீலும் 1970களில் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்த அளவுருக்கள், ஒரு ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும் என்று கணக்கிட உதவுகின்றன. பெட்டி தவறினால் எந்த ஆம்ப்ளிஃபையராலும் பாஸை மீட்க முடியாது. ஜொகூரின் ஈரக் காற்றில் கவனம் இன்னும் வேண்டும்: பூசாத எம்டிஎஃப் பலகை உப்பும், கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் சில ஆண்டுகளில் உதிரும். அங்கே ரப்பர் வளையமும் வண்ணம் பூசிய பிளைவுட்டும் நெடுநாள் தாங்கும்.