ஒரு லட்சம் கோடி வாசனை: எண்ணியது யார்?

'மனித மூக்கு ஒரு லட்சம் கோடி வாசனைகளைப் பிரித்தறியும்.' வாட்ஸப்பில் சுற்றும் வியப்புத் தகவல்களில் இது தவறாம இருக்கும். மூலம், 2014-ல் சயன்ஸ் இதழில் வந்த புஷ்டிட் குழுவின் கட்டுரை. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

26 பேர். 128 மணப்பொருட்கள். அவற்றை 10, 20, 30 எனக் கலந்து குப்பிகளில் அடைத்து, மூன்றில் எது வேறு என்று கேட்டார்கள். இரண்டு கலவைகளிலும் பாதிக்கு மேல் ஒரே பொருட்கள் இருந்தால் பெரும்பாலும் தடுமாறினார்கள். சோதனை அவ்வளவுதான், அதில் குறை இல்லை. லட்சம் கோடி வந்தது அதன் பிறகு போட்ட கணக்கில்.

2015-ல் இ-லைஃப் இதழில் இரண்டு மறுப்புகள் வந்தன. ஆட்களின் எண்ணிக்கையையோ புள்ளியியல் வரம்பையோ சற்று மாற்றினாலே விடை கோடிக்கணக்கான மடங்கு ஏறி இறங்குது என்று கெர்கினும் காஸ்ட்ரோவும் காட்டினார்கள். கணக்கு முறையே தப்பு என்றார் மெய்ஸ்டர். ஒரு செட்டிங்கைத் தொட்டதும் விடை இப்படி ஆடினா, அந்த கோடை எந்த டீமும் ரிலீஸ் பண்ணாது.

சரி, பழைய '10,000 வாசனை' மட்டும் எண்ணியதா? அதுவும் இல்லை. 1927-ல் க்ராக்கரும் ஹெண்டர்சனும் நான்கு அடிப்படை மணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது அளவுகள் என வைத்தார்கள். பெருக்கினா 6,561. அதை முழுசாக்கி 10,000 ஆக்கிட்டாங்க.

நிஜமா அளந்த வியப்புகள் வேற இருக்கு. 2007-ல் பெர்க்லியில் கண்ணையும் காதையும் மூடி, புல்வெளியில் இட்ட சாக்லேட் மணத்தடத்தை முகரச் சொன்னார்கள். மண்டியிட்டு முகர்ந்தபடியே 32 பேரில் 21 பேர் தடத்தைப் பிடித்துப் போனார்கள். மனித மூக்கு மட்டம் என்பதே 19-ஆம் நூற்றாண்டில் ப்ரோகா கிளப்பிய கதை என்று 2017-ல் மெக்கான் எழுதினார்.

எனக்கு முக்கியமாப் படுவது, அதே 2014-ல் அதிகம் பேசப்படாமல் போன இன்னொரு ஆய்வு. மலாய்த் தீபகற்பத்தின் ஜஹாய் மக்கள் நிறத்தைச் சொல்வது போலவே வாசனைக்கும் சட்டுன்னு பெயர் சொல்கிறார்கள் என்று மஜீதும் பூரன்ஹுல்ட்டும் காட்டினார்கள். பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றுக்கும் அவர்களிடம் ஒரே சொல் இருக்கு. 'வாழைப்பழம் மாதிரி' என்று பொருளைக் காட்டாமல், மணத்தின் குணத்தையே சொல்லும் சொல்.

தமிழுக்கு இது புதுசா? மீன், பச்சை முட்டை, கறி எல்லாத்துக்கும் கவுச்சி. வறுத்த மிளகாய்க்கும் பினாயிலுக்கும் நெடி. நாள்பட்ட எண்ணெய்க்கு சிக்கு வாடை. அபிஷேகப்பாக்கத்தில் எந்தச் சமையற்கட்டிலும் இதை விளக்க வேண்டியதில்லை. தொல்காப்பிய மரபியலும் முகர்வைக் கண்ணுக்கும் காதுக்கும் முன்னால், மூன்றாம் அறிவாக வைக்கிறது.

அதனால் 'எத்தனை வாசனை?' என்ற கேள்வியை விட்டுடலாம். ஒரே குப்பியை முகர்ந்து பத்துப் பேர் ஒரே சொல்லைச் சொல்றாங்களா? இதற்குப் பெருக்கல் வேண்டாம். பத்துக் குப்பியும் ஒரு நோட்டும் போதும், எண்ணிப் பார்த்திடலாம்.