அரைப்புள்ளியும் வினையெச்சமும்

கட்டுரைப் போட்டித் தாள்களைத் திருத்துகிற வேலை சில ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. வியாபாரிக்கு ஏன் இந்த வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள், அது வேறு விஷயம். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளும் எழுதுகிறார்கள். மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்து ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். முதல் கூட்டத்தார் ஆங்கிலத்தில், ‘மை ஃபாதர் இஸ் இல், ஐ கேனாட் கம்’ என்று நடுவில் காற்புள்ளி வைக்கிறார்கள். இரண்டாம் கூட்டத்தார் தமிழில், ‘கடைக்குப் போய்; பால் வாங்கி; வீட்டுக்கு வந்தேன்’ என்று அரைப்புள்ளியாய்த் தெளிக்கிறார்கள். பார்வைக்கு இரண்டு பிழை. வேர் ஒன்றுதான்: எது முற்று, எது எச்சம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஆங்கிலத்தில் ‘செமிகோலன்’ செய்கிற வேலை சின்னது. தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்கள். கருத்தில் உறவு உண்டு. நடுவில் ‘அண்ட்’, ‘பட்’ போன்ற இணைப்புச் சொல் இல்லை. அங்கே காற்புள்ளி தாங்காது, முற்றுப்புள்ளி உறவை அறுத்துவிடும். அதனால் அரைப்புள்ளி. ‘ஹவ்எவர்’, ‘தேர்ஃபோர்’ வந்தால் அதற்கு முன் அரைப்புள்ளி, பின் காற்புள்ளி. வெனிஸ் நகரத்து அச்சுக்கூடக்காரர் ஆல்டஸ் மனூஷியஸ் 1490களில் இந்தக் குறியை அச்சில் ஏற்றினார். நம் தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரப்பிய பெருமையை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு (1822–1879) தருவார்கள். அது நியாயம்தான்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, ‘வெள்ளைக்காரன் வந்துதான் தமிழனுக்கு வாக்கியத்தை முடிக்கக் கற்றுக் கொடுத்தான்’ என்று மேடையில் பேசுகிறார்களே, அதை என்னால் ஒப்ப முடியவில்லை. ஐயா, குறி இல்லை என்பது வேறு, இலக்கணம் இல்லை என்பது வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் கேட்க நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இந்தக் கணக்கைத் தீர்த்து வைத்திருக்கிறார். முற்று வந்தால் வாக்கியம் முடிந்தது. எச்சம் வந்தால் இன்னும் வரவேண்டியது பாக்கி. ‘போய்’, ‘வாங்கி’ என்றாலே அடுத்த வினைக்குக் கை நீட்டியாகிவிட்டது. அதன் பிறகு அரைப்புள்ளி வைப்பது, கைகுலுக்க வந்தவர் நடுவே கதவைச் சாத்துவது போல.

இன்னும் நுணுக்கம் உண்டு. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடிய வேண்டும். போனவனும் நானே, வாங்கினவனும் நானே, வந்தவனும் நானே. ஆள் மாறினால் ‘செய’ என்னும் எச்சத்துக்குப் போக வேண்டும்: ‘மழை பெய்ய நெல் விளைந்தது’. ‘அப்பா வந்தார், நான் கிளம்பினேன்’ என்று இரண்டு முற்றாகச் சொன்னால் அங்கேதான் தமிழில் அரைப்புள்ளிக்கு உண்மையான இடம். ஆங்கிலத்தானுக்குக் குறி செய்வதில் பெரும்பகுதியை நமக்கு வினையின் வால் செய்துவிடுகிறது.

சீவக சிந்தாமணியைப் பாருங்கள். எங்கள் சமயத்து நூல் என்பதால் சொல்லவில்லை. இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மூவாயிரத்துச் சொச்சம் பாட்டு, பதின்மூன்று இலம்பகம். பல இடங்களில் ஒரு பாட்டில் எழுவாய் இருக்கும், முற்று அடுத்தடுத்த பாட்டுகளைத் தாண்டி வரும். இதற்குக் குளகம் என்று பெயர். நச்சினார்க்கினியர் இத்தனை பாட்டும் ஒரு தொடர் என்று உரையில் காட்டிவிடுவார். (அவர் எங்கோ கிடக்கிற சொல்லை இழுத்து வந்து இங்கே கூட்டுவது வேறு கதை. அதில் எனக்கு எப்போதும் உடன்பாடு இல்லை.) ஏட்டில் காற்புள்ளியும் கிடையாது, பத்தி பிரிப்பும் கிடையாது. சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலால் 1880இல் இதைக் கையில் எடுத்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்து ஜைனர்களிடம் சமயச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு, 1887இல் அச்சேற்றினார். குறியில்லாத அந்த ஏட்டில் அவருக்குக் கைகொடுத்த விளக்கு எச்சமும் முற்றும்தான்.

அதற்காக ஆங்கிலத்திலும் அப்படியே இருந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த பாத்திர வியாபாரி ஒருவர் சரக்கு அனுப்பியவருக்குக் கடிதம் எழுதினார்: ‘த கூட்ஸ் வேர் டேமேஜ்டு, வென் தே ரீச்டு அஸ், வீ காம்ப்ளெய்ண்ட்’. இரண்டும் காற்புள்ளி. சரக்கு வந்து சேரும்போதே நசுங்கியிருந்ததா, அல்லது நசுங்கியது எப்போதோ, வந்து சேர்ந்தபோது புகார் செய்தார்களா? ‘அஸ்’ என்பதன் பின் அரைப்புள்ளி வைத்தால் முதல் பொருள்; ‘டேமேஜ்டு’ என்பதன் பின் வைத்தால் இரண்டாவது. நஷ்டம் அனுப்பினவர் தலையிலா, வாங்கினவர் தலையிலா என்பது அதில் இருக்கிறது. எதிர்க்கட்சியார் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். நம்மவர் கைப்பணம் போனதுதான் மிச்சம்.

கைப்பணம் என்ன, உலக வழக்கே இதில் மாட்டியிருக்கிறது. 1945 ஆகஸ்டில் நூரம்பெர்க் நீதிமன்றச் சாசனம் கையெழுத்தானது. மனித குலத்துக்கு எதிரான குற்றங்களைச் சொல்லும் பிரிவில், ஆங்கிலப் படியில் ஓர் அரைப்புள்ளி இருந்தது. ரஷ்யப் படியில் அதே இடத்தில் காற்புள்ளி. அரைப்புள்ளி இருந்தால், போர்க் குற்றத்தோடு தொடர்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்பாதிக்கு மட்டும் என்று வாதாடலாம். காற்புள்ளியானால் முன்பாதியில் சொன்ன கொலைகளுக்கும் சேர்த்து. அக்டோபர் 6ஆம் தேதி தனி உடன்பாடு போட்டு அதைக் காற்புள்ளியாக்கினார்கள். போருக்கு முன் ஜெர்மனிக்குள் நடந்த கொடுமைகளில் பெரும்பகுதியை நீதிமன்றம் தொடாமல் விட்டதற்கு அந்த நிபந்தனை காரணம்.

ஆகவே பெற்றோர்களே, இந்த ஆண்டுத் தாள்களில் எச்சத்தின் பின் அரைப்புள்ளி கண்டால் மார்க் குறைப்பேன், ஆங்கிலத் தாளில் இரண்டு முற்றுக்கு நடுவே காற்புள்ளி கண்டாலும் குறைப்பேன். ‘மழை பெய்து நெல் விளைந்தது’ என்று எழுதுகிற பிள்ளைக்கு மட்டும் குறைக்க மாட்டேன். பெய்தது மழை, விளைந்தது நெல், ஆள் மாறுகிறதே என்று கேட்பீர்கள். ‘பெய்ய’ என்பதுதான் ‘பெய்து’ எனத் திரிந்து நிற்கிறது என்று உரையாசிரியர்களே அதற்கு வழி விட்டிருக்கிறார்கள்.